அல்லிராணியும் கடல்கட்டியும்

மன்னாருக்குத் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துள்ளது அரிப்பு. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் கைதியாயிருந்த ரொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து அடைக்கலம் பெற்றது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டையிலேதான்.

போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை ஊரார் 'அல்லிராணி கோட்டை' என்பர். கட்டியவர் பெயர் மறைந்து, குதிரைமலையில் அரசிருந்ததாகக் கதை கூறும் அல்லியின் பெயர் நிலைத்துவிட்டது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் எழுப்பிய டொரிக் மாளிகையோ கடலரிப்பில் இடிந்து கிடக்கிறது.

ஆள்வோரின் கட்டடங்களுக்கு ஏடுகளில் இடமுண்டு. முத்தெடுத்த குடும்பங்களுக்கு? ஏடுகள் எண்களைச் சொல்கின்றன: 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள், 1906இல் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகை, பார்களிலே சிப்பி அற்றுப்போக, 1912இல் கம்பனியும் கலைந்தது. 1925இன் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கல்லைக் காலிற் கோத்து இறங்கிய சுழியோடியும் தோணியில் நின்று கயிறு பிடித்தவனும் அங்கே பெயரற்றவர்கள். கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்கவேண்டும் என்பார்கள். தங்கையின் தாலி அவன் கையிலல்லவா! தொழிலும் உறவும் ஒரே கயிறாய் முறுகிக் கிடந்த வாழ்வு அது.

இக்குடும்பங்களுள் ஒன்று மட்டும் எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் எட்டிப்பார்க்கிறது. சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி'யின் குடும்பம். அவ்வுரிமை பரம்பரையாய் வருவது. அப்போதைய குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் வலிமை குறைந்ததாக எவரும் கருதவில்லை. ரெனன்ற் வந்த சமயம் அவர் நோயுற்றிருந்தார். பதிலாள் ஒருவரை அனுப்பினார். தமக்கு மந்திரம் தெரியாது, ஆயினும் தாம் யாருடைய பிரதிநிதி என்பது சுறாக்களுக்குத் தெரியும் என்றாராம் அவர்! வெள்ளைக்கார அதிகாரி நகைச்சுவையாக எழுதிவைத்தார். எனக்கோ, கடலறியப் பெயர்பெற்ற ஒரு குடும்பத்தின் கம்பீரம் அதிலே தெரிகிறது. ஆனால் அங்கும் பெயர் இல்லை.

1990இல் முசலிப் பகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2007இல் இராணுவ நடவடிக்கையால் அரிப்பு, சிலாவத்துறை மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊரைவிட்டு ஓடுகிறவன் குழந்தையைத் தூக்குவானா, உறுதியைத் தேடுவானா? ஞாபகம் ஒன்றே உடன் போனது. அதுவும் முதியவரோடு கழிந்துபோகும்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் மாணவரிடம் நான் வேண்டுவது இதுதான்: பாட்டனின் பெயரை, அவர் பாட்டனின் பெயரை, அவர்கள் செய்த தொழிலின் சொற்களை எழுதி வையுங்கள். பார், சுழியோடி, கடல்கட்டி என்ற சொற்களைக் காத்த குடும்பங்களுக்குத் தமிழ் பட்டிருக்கும் கடன் அது.