மருந்தடித்த தலைமுறை

ஜொகூரின் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பால்மரம் சீவியவர்களை மறப்பதில்லை. வெளிக்காட்டில் களைக்கு மருந்தடித்தவர்களை எளிதில் மறந்துவிடுகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் முதலில் புழங்கியது சோடியம் ஆர்சனைட், அப்பட்டமான நஞ்சு. 1962இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பாராகுவாட், கிராமக்சோன் என்ற பெயரில் அந்த இடத்தைப் பிடித்தது. அன்றைக்கு அது முன்னேற்றம்தான். ஆனால் பம்பைச் சுமந்தவர்களுக்கு, அவர்களில் பின்னாளில் பெண்களே அதிகம், கசிந்தால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகம் நனையும்.

அந்த ஈரம் பல ஆண்டு கழித்துப் பார்க்கின்சன் நோயாகத் திரும்பியிருக்குமா? கேள்வி வீணல்ல. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கலப்படப் போதைமருந்தால் சில இளைஞர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். அந்தக் கலப்படம் மூளையில் மாறி உருவாகும் நச்சுக்கும் பாராகுவாட்டுக்கும் வேதி அமைப்பில் நெருங்கிய ஒற்றுமை உண்டு. பாராகுவாட் உயிரணுவுக்குள் ஆக்சிஜனை வெறிபிடித்த வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அது முதலில் கடிப்பது சவ்வின் கொழுப்பை. பார்க்கின்சனோடு இணைத்துப் பேசப்படும் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு முனைகளில் அந்தக் கொழுப்பின் மேல்தான் சுருண்டு ஒட்டுகிறது. கொழுப்பின் கலவை மாறினால், அது நிலையாக ஒட்டியிருப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாவதும் மாறும்.

மின்னேற்றம் கொண்ட பாராகுவாட் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடக்குமா என்பார்கள். அமினோ அமிலங்களுக்கான வாசல் வழியே நுழையக்கூடும் என்கின்றன விலங்குச் சோதனைகள். சோதனைக்கூடம் வேறு, மனிதர் வேறு என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதற்கு 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு பகுதி விடை: பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. ஆனால் அங்கே யார் எதை அடித்தார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு கூலிக்காக எழுதப்பட்டது, இதற்காக அல்ல.

ஆகவே ஜொகூரில் நோய் இல்லை என்று சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை. உண்டு என்று அறுதியிடவும் இல்லை. மலேசியா 2002இல் பாராகுவாட்டுக்குத் தடையை அறிவித்தது. அதே ஆண்டு தெனகனித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி அறிக்கை வெளியிட்டது. 2006இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. செம்பனைக்கு மாற்று மருந்து செலவு அதிகம் என்ற வாதம் கணக்கில் சரியாக இருக்கலாம். பம்பு சுமந்தவரின் முதுமை அந்தக் கணக்கில் வரவில்லை. நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டி வரும். அதற்குள் பலர் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாரு, மாசாய், பாசிர் கூடாங் பக்கம் குடிபெயர்ந்திருந்தார்கள்.