தோட்டத்தில் கரைந்த மண் எங்கே போனது?

கனமழை ஓய்ந்ததும் மலாக்கா ஆற்றோரம் போய் நின்று பாருங்கள். தே தாரிக் நிறத்தில் தண்ணீர் ஓடும். "மேல எங்கயோ நல்ல மழை போல" என்பார்கள் பெரியவர்கள். சரிதான். ஆனால் அந்தச் சேற்றில் கொஞ்சம், உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய மண்ணாகவும் இருக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மலாக்காவில் காட்டை அழித்து மரவள்ளி போட்டார்கள். சில வருஷத்தில் மண் சத்திழந்துவிடும். நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னால் வந்த தோட்டங்கள் பலவற்றில் ஒரே பிடிவாதம்: மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. நம்மவர்கள், அதிலும் பெண்கள், நாள் முழுக்கப் புல் வெட்டினார்கள். தோட்டம் பார்க்கச் சுத்தமாக இருந்தது. மழையோ வெறும் தரையில் நேராக விழுந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. வெட்டியவர்கள் மேல் தப்பில்லை, உத்தரவு துரையுடையது. மூடுபயிர்க் கொடி, சரிவில் படிவரிசை, மண் தேங்கும் குழி எல்லாம் பரவலானது பிறகுதான்.

அவ்வளவும் கடலுக்கா போனது?

இல்லை. பெரும்பகுதி சரிவின் அடியிலும் பள்ளத்திலும் ஆற்றங்கரையிலும் தங்கிவிடும். அடுத்த வெள்ளத்தில் கொஞ்சம் நகரும், மறுபடி தங்கும். இப்படியே பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூட.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் கூன் கிரீக் ஆற்றுப் பகுதியை ஸ்டான்லி டிரிம்பிள் நீண்ட காலம் ஆராய்ந்தார். 1930களுக்குப் பிறகு அங்கே விவசாயிகள் மண் அரிப்பை நன்றாகவே குறைத்தார்கள். ஆனாலும் ஆறு வெளியே கொண்டுபோன மண்ணின் அளவு பெரிதாக மாறவில்லை. சம்பளம் குறைந்தாலும் சேமிப்பை எடுத்துச் செலவு செய்கிற மாதிரிதான். பெரிய ஆறுகளில் இந்தச் சேமிப்பு இன்னும் அதிகம். மலாக்கா, கெசாங் போன்ற சின்ன ஆறுகளில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இப்போது ஏன் கவலை?

ஆற்றின் அடி மண்ணால் உயர்ந்தால் வெள்ளத்துக்கு இடமில்லை. பள்ளத்தில் கட்டிய தாமான்தான் முதலில் நனையும். 1991இல் டூரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது. அதற்குக் காரணம் வறட்சி, சேறு அல்ல. ஆனால் தேக்கத்தில் சேறு சேரச் சேர, வறட்சியைத் தாங்கும் தண்ணீரும் குறையும். சுமார் 25 வருஷத்துக்கு ஒருமுறை செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது தரை மறுபடி வெறுமையாகிறது. மூடுபயிர் உடனே போடாவிட்டால் பழைய கதைதான்.

பழைய தோட்டப் பக்கம் போனால் மேட்டில் நிற்கும் பால்மரத்தைக் கவனியுங்கள். வேர் வெளியே தெரிந்தால், ஒரு காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்தது.