தொள்ளாயிரம் ஆண்டு நின்ற ஏடும் பதினாறு ஆண்டில் தளர்ந்த வட்டும்

எழுதி வைத்தது நிலைக்கும் என்பது மக்களின் பொது நம்பிக்கை. எழுத்து நிலைத்தாலும் அதனைப் படிக்கும் வழி நிலைக்குமா என்னும் வினாவை எழுப்பியது இங்கிலாந்தின் அண்மைக்கால வரலாறு ஒன்று. ஆசிரியரும் மாணவரும் கூடி ஆக்கிய ஏட்டின் வரலாறு அது. ஆதலின் ஆசிரியர் உலகம் அதனை அறிதல் தகும்.

இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம், 1085ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுக்க ஆணையிட்டான். ஊர், ஏர், நீராலை, நிலவுடையார் என யாவும் 1086இல் இலத்தீன் மொழியில் தோலேட்டில் எழுதப்பெற்றன. 'டூம்ஸ்டே' எனப் பெயர்பெற்ற அவ்வேடு, கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. பழைய எழுத்தும் இலத்தீனும் பயின்றவர் அதனை இன்றும் படிக்கலாம். வேறு கருவி வேண்டுவதில்லை.

அதன் தொள்ளாயிரமாம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம் புதிய டூம்ஸ்டே ஒன்றை வெளியிட்டது. பிரிட்டன் முழுதும் நான்கு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்னும் அளவில் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் பற்றிப் பள்ளி மாணவரும் ஊராரும் குறிப்பெழுதிப் படமெடுத்து அனுப்பினர். பத்து இலட்சம் பேருக்கு மேல் இப்பணியில் பங்குகொண்டனர். தம் ஊர்க் கடைகளையும் விளையாட்டுகளையும் அன்றாட உணவையும் சிறுவர் எழுதினர். அரசர் ஏட்டில் இடம்பெறாத எளியோர் வாழ்வு இதில் இடம்பெற்றது.

இவையனைத்தும் பன்னிரண்டு அங்குல ஒளிவட்டுகள் இரண்டில் பதிக்கப்பட்டன. அவற்றைக் காண ஏக்கார்ன் நிறுவனத்தின் 'பி.பி.சி. மாஸ்டர்' கணினியும், பிலிப்ஸ் நிறுவனம் தனியே செய்த வட்டிறக்கியும் வேண்டும். கருவித்தொகுதியின் விலை ஏறக்குறைய 5,000 பவுன். உழைத்த பள்ளிகளுள் பல தம் உழைப்பின் பயனைக் காண இயலாமற்போயின. சில ஆண்டுகளில் அவ்வகை வட்டிறக்கி வழக்கொழிந்தது. வட்டு இருந்தது, வாசிப்பார் இலர்.

இந்நிலையில் லீட்சு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் 'கேமிலியான்' திட்டத்தார் மீட்புப் பணியில் இறங்கினர். பழைய கணினியின் கோப்பைப் புதிய கணினிக்கு மாற்றுதல் வெறும் படியெடுத்தல் அன்று. இங்கே பணி மூவகைப்பட்டது. முதலாவது, வட்டிலிருந்த எழுத்தும் எண்ணும் ஆகிய தரவுகளை, பழைய வட்டிறக்கி இயங்கும்போதே வெளிக்கொணர்தல். இரண்டாவது, படங்களைப் பெறுதல். அவை எண்வடிவில் இல்லை; தொலைக்காட்சிப் படச் சட்டங்களாக இருந்தன. ஆகவே ஒவ்வொன்றையும் எண்வடிவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது, பொருள் விளங்கச் செய்தல். எந்தக் குறிப்பு எந்தப் படத்திற்கும் எந்தக் கட்டத்திற்கும் உரியது என்பதைப் பழைய நிரலே அறியும். எனவே புதிய கணினியைப் பழைய கணினிபோல் நடக்கச் செய்யும் மென்பொருளை அமைத்தனர். 2002இல் பழைய திரை புதிய கணினியில் மீண்டும் தோன்றியது. 2011இல் ஊர்க்குறிப்புகளை பி.பி.சி. இணையத்தில் வெளியிட்டது, சிறுவராய் எழுதியோர் நடுவயதினராய்த் தம் எழுத்தை அதிற் காண வழி பிறந்தது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது யாது? தோல் உயர்ந்தது, வட்டு தாழ்ந்தது என்பதன்று. பேணுதல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வினை அன்று. தலைமுறைதோறும் தொடர வேண்டிய கடமை. ஓலை நைவதற்கு முன் புத்தோலையில் படியெடுத்த நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். படியெடுக்கப்பெறாத சுவடிகள் மறைந்தன.

பள்ளி மலர்களும் மாணவர் கட்டுரைகளும் பழைய நெகிழ்வட்டுகளில் இன்றும் பல அலமாரிகளில் உறங்குகின்றன. தமிழுக்கோ இடர் இரட்டிப்பாகும். யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருவில் அமைந்த கோப்பு, முழுதாய்ப் புதிய கணினிக்கு வந்து சேர்ந்தாலும், அவ்வெழுத்துருவோ அதற்குரிய மாற்றியோ இல்லையேல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். கருவியும் அதனை இயக்க அறிந்தாரும் உள்ளபோதே அவற்றை மாற்றி வைத்தல் வேண்டும். காலம் தாழ்த்தின், மாணவர் எழுதியது இருந்தும் இல்லாததாகிவிடும்.