வாகனங்களுக்கிடையேயான கம்பியில்லாத் தகவல்தொடர்பு: அமெரிக்காவில் 5.9 கிகா ஹெர்ட்ஸ் அலைக்கற்றையின் வரலாறு

வாகனங்களுக்கிடையேயான கம்பியில்லாத் தகவல்தொடர்பு என்பது, சாலையில் செல்லும் வாகனங்கள் தம் இருப்பிடம், வேகம், செல்லும் திசை, பிரேக் பிடிக்கும் நிலை ஆகியவற்றை வானொலி அலைகள் மூலம் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறையாகும். கட்டடத்தின் மறைவில் வரும் வாகனமும், லாரிக்கு முன்னால் திடீரென நிற்கும் வாகனமும் ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கேமராவுக்கும் அவை மறைவானவையே. அவை தாமே தம் வரவை அறிவித்தால் விபத்தைத் தவிர்க்கலாம் என்பது இம்முறையின் அடிப்படை. இதற்கென அமெரிக்காவில் 1999இல் தனி அலைக்கற்றை ஒதுக்கப்பட்டது. 2020இல் அதில் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. சோதனைகளில் நன்கு செயல்பட்ட ஒரு தொழில்நுட்பம் பொதுப் பயன்பாட்டுக்கு வராமல் தேங்கியதன் காரணங்களை இவ்வரலாற்றில் காணலாம்.

தோற்றம்

1991இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய போக்குவரத்துச் சட்டம், தானியங்கி நெடுஞ்சாலையின் முன்மாதிரி ஒன்றை 1997ஆம் ஆண்டுக்குள் அமைக்கப் பணித்தது. அதன்படி 1997 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரருகே, 15ஆம் எண் நெடுஞ்சாலையில் செயல்விளக்கம் நடைபெற்றது. எட்டு பியூக் கார்கள் ஏறத்தாழ 6.5 மீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக, ஓட்டுநரின் தலையீடு இல்லாமல் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடின. சாலையில் பதிக்கப்பட்ட காந்தங்கள் கார்களுக்கு வழி காட்டின. முன்னே செல்லும் கார்களின் வேக மாற்றம் கம்பியில்லாத் தொடர்பு வழியே பின்னால் வரும் கார்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. அவ்வளவு குறைந்த இடைவெளியில் பாதுகாப்பாகச் செல்ல இத்தொடர்பு இன்றியமையாததாக இருந்தது.

1999 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், 5.850 முதல் 5.925 கிகா ஹெர்ட்ஸ் வரையுள்ள 75 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கற்றையைச் சாலைப் போக்குவரத்துக்கு ஒதுக்கியது. இதைப் பயன்படுத்துவதற்கான உரிம விதிகள் 2003இல் வகுக்கப்பட்டன.

செயல்படும் முறை

வீடுகளில் உள்ள வைஃபையில் ஒரு கருவி முதலில் வலையமைப்பில் இணைந்த பின்னரே தகவல் அனுப்பும். எதிரெதிரே விரையும் வாகனங்களுக்கு அதற்கு நேரமில்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. இரு கார்கள் அதே வேகத்தில் எதிரெதிரே வந்தால், 300 மீட்டர் இடைவெளி ஐந்தரை நொடிக்குள் தீர்ந்துவிடும். எனவே வைஃபை தரநிலையில் மாற்றம் செய்து, முன்னிணைப்பு ஏதுமின்றி உடனே செய்தி அனுப்பும் 802.11பி என்னும் தரநிலை 2010இல் வெளியிடப்பட்டது. இதை அடிப்படையாகக் கொண்ட முறை டி.எஸ்.ஆர்.சி. எனப்படுகிறது.

இம்முறையில் ஒவ்வொரு வாகனமும் நொடிக்குப் பத்து முறை ஒரு சிறு பாதுகாப்புச் செய்தியைச் சுற்றியுள்ள அனைவருக்கும் ஒலிபரப்பும். செய்தியில் உரிமையாளரின் பெயர் இடம்பெறாது. போலிச் செய்திகளைத் தடுக்க மின்னணுக் கையொப்பம் இடப்படும். ஒரே வாகனத்தை யாரும் தொடர்ந்து கண்காணிக்க முடியாதபடி, கையொப்பத்துக்கான சான்றிதழ்கள் அடிக்கடி மாற்றப்படும்.

ஆன் ஆர்பர் சோதனை

2012 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பெரிய அளவிலான சோதனை தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்திய இச்சோதனையில் கார், லாரி, பேருந்து என ஏறக்குறைய 2,800 வாகனங்கள் அன்றாடச் சாலைகளில் ஓடின. 2014இல் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. சாலைச் சந்திப்பு எச்சரிக்கை, இடப்புறம் திரும்புவதற்கான எச்சரிக்கை ஆகிய இரண்டு மட்டுமே ஆண்டுக்கு 5,92,000 விபத்துகள் வரை தடுத்து, 1,083 உயிர்கள் வரை காக்கக்கூடும் என்று அது கூறியது.

எண்ணிக்கைச் சிக்கல்

இருக்கைப் பட்டை அணிந்தவரை அது தனித்தே காக்கும். இக்கருவி அப்படிப்பட்டதன்று. எதிரே வரும் வாகனத்திலும் அது இருந்தால்தான் பயன். சாலையில் ஓடும் கார்களில் 10 விழுக்காட்டில் கருவி இருப்பதாகக் கொள்வோம். சந்திக்கும் இரு கார்களிலும் அது இருப்பதற்கான வாய்ப்பு 1 விழுக்காடுதான். பாதிக் கார்களில் இருந்தாலும் அவ்வாய்ப்பு 25 விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே முதலில் வாங்குபவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சும். காடிலாக் நிறுவனம் 2017இல் தன் சி.டி.எஸ். வகைக் காரில் இக்கருவியைப் பொருத்தியபோதும் பிற நிறுவனங்கள் பெருமளவில் பின்தொடரவில்லை.

இச்சிக்கலைத் தீர்க்க, புதிய கார்கள் அனைத்திலும் கருவியைக் கட்டாயமாக்கும் முன்மொழிவை அரசு 2016 டிசம்பரில் அறிவித்தது. அது சட்டமாகவில்லை.

இரு தரநிலைகளின் போட்டி

இதற்கிடையே கைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து சி-வி2எக்ஸ் என்னும் மாற்று முறை பிறந்தது. அதன் முதல் தரநிலை 2017இல் முழுமை பெற்றது. இதிலும் வாகனங்கள் கைபேசிக் கோபுரத்தின் உதவியின்றி நேரடியாகப் பேசிக்கொள்ள முடியும். ஆனால் ஒரு முறையின் செய்தியை மற்றதால் புரிந்துகொள்ள இயலாது. டொயோட்டா 2018இல் டி.எஸ்.ஆர்.சி.யைத் தேர்ந்தெடுத்து, மறு ஆண்டே அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஃபோர்டு 2019இல் சி-வி2எக்ஸ் பக்கம் நின்றது. சீனா 2018இலேயே கைபேசி வழி முறைக்கு 20 மெகா ஹெர்ட்ஸ் ஒதுக்கியிருந்தது. ஐரோப்பாவிலோ ஃபோக்ஸ்வாகன் தன் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரில் வைஃபை வழி முறையைப் பொருத்தியது.

அலைக்கற்றை குறைப்பு

பெரிதும் பயன்படாமல் கிடந்த இந்த அலைக்கற்றையை வைஃபை நிறுவனங்கள் கோரின. போக்குவரத்துத் துறை எதிர்த்தபோதும், 2020 நவம்பரில் ஆணையம் கீழ்ப்பகுதியின் 45 மெகா ஹெர்ட்சை வைஃபை போன்ற உரிமமற்ற பயன்பாட்டுக்கு மாற்றியது. எஞ்சிய 30 மெகா ஹெர்ட்ஸ் சி-வி2எக்ஸ் முறைக்கு உரியதாயிற்று. இம்முடிவை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. கருவியைக் கட்டாயமாக்கும் முன்மொழிவு 2023 நவம்பரில் முறைப்படி திரும்பப் பெறப்பட்டது. டி.எஸ்.ஆர்.சி. பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவரும் இறுதி விதிகள் 2024 நவம்பரில் வெளியாயின.

இன்றைய நிலை

தானோட்டிக் கார்களை இயக்கும் வேமோ போன்ற நிறுவனங்கள், பிற வாகனங்களின் செய்தியை எதிர்பாராமல் கேமரா, ரேடார், லைடார் ஆகியவற்றைக் கொண்டே முன்னேறின. எனினும் மறைவில் உள்ளதை அறியும் தேவை நீங்கவில்லை. ஒரு வாகனம் தான் கண்டதைப் பிற வாகனங்களுடன் பகிர்ந்துகொள்ளும் முறை இன்றைய ஆய்வுகளில் முதன்மை பெறுகிறது. அதற்கு அடிப்படைப் பாதுகாப்புச் செய்தியைவிட அதிக அலைக்கற்றை தேவைப்படும் என்பதால், 30 மெகா ஹெர்ட்ஸ் போதுமா என்ற கேள்வி தொடர்கிறது. 2024 ஆகஸ்டில் போக்குவரத்துத் துறை வெளியிட்ட திட்டம், 2036ஆம் ஆண்டுக்குள் தேசிய நெடுஞ்சாலைகள் முழுவதிலும் இத்தொடர்பு வசதியை ஏற்படுத்த இலக்கு வைத்தது. அலைக்கற்றை முதன்முதலில் ஒதுக்கப்பட்ட ஆண்டிலிருந்து கணக்கிட்டால் அது 37ஆவது ஆண்டாகும்.