சொல்லால் வழியனுப்பும் தேசம்

ஹைட்டி நாட்டின் கிராமங்களில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வருபவர் ‘ஒனே’ என்று குரல் கொடுப்பதும், உள்ளிருப்பவர் ‘ரெஸ்பே’ என்று மறுமொழி கூறுவதும் நெடுங்கால வழக்கம்; முன்னதன் பொருள் கௌரவம், பின்னதன் பொருள் மரியாதை. மறுமொழி கூற வேண்டியவரே மூச்சடங்கிக் கிடக்கும் இரவில்தான் அந்த மரியாதை தன் முழு உருவத்தையும் அடைகிறது.

‘வேயே’ என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கண்விழிப்பு இரவில், உள்ளே பிரார்த்தனைப் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருக்க, முற்றத்தில் காப்பியும் இஞ்சிக் கஷாயமும் கிளேரென் என்னும் கரும்புச் சாராயமும் கைமாற, ஒருபுறம் டோமினோ ஆட்டம் சூடுபிடிக்க, மறுபுறம் கதைசொல்லி எழுந்து ‘க்ரிக்?’ என்று கேட்பார், கூட்டம் ‘க்ராக்!’ என்று முழங்கினாலன்றிக் கதை தொடங்காது. பெருந்தீனிக்காரனான பூக்கி, தந்திரசாலியான மலிஸிடம் ஏமாறும் கதைகளைக் கேட்டு, சற்று முன்வரை அழுதவர்களும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சாவு வீட்டில் இத்தனை பேச்சும் சிரிப்பும் தகுமா என்று வியக்கும் அந்நியருக்கு அத்தேசத்தின் சரித்திரமே விடையளிக்கிறது.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1685ஆம் ஆண்டில் பிறப்பித்த ‘கோட் நுவார்’ என்னும் அடிமைச் சட்டம், ஞானஸ்நானம் பெறாது இறந்த அடிமையை இராக்காலத்தில் அருகிலுள்ள ஏதேனும் ஒரு வயலில் புதைத்துவிடும்படி தன் 14ஆம் பிரிவில் விதித்தது. வெவ்வேறு எஜமானர்களின் அடிமைகள் பகலிலோ இரவிலோ, கல்யாணத்தின் பேராலும்கூட, ஒன்று கூடலாகாது என்று 16ஆம் பிரிவில் தடுத்தது. செந்தொமிங் என்னும் பெயரில் அப்போது பிரெஞ்சுக் குடியேற்றமாயிருந்த ஹைட்டியின் கரும்புத் தோட்டங்களில் மாண்டவருக்குக் கல்லறையும் அரிது. அவரைப் பற்றிப் பேசக் கூடுவோருக்கோ கசையடி. அத்தகைய மண்ணில், இறந்தவரைச் சுற்றி விடியுமட்டும் அமர்ந்து பேசுவது அடைவதற்கரிய ஓர் உரிமை என்பதை உணர்ந்தால், அந்தச் சிரிப்பொலியின் கனமும் நமக்கு விளங்கும்.

1804ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி ஹைட்டி சுதந்திரப் பிரகடனம் செய்த பின்னரும், 1860இல் உடன்படிக்கை ஏற்படும் வரையில் ரோமாபுரித் திருச்சபை அதனுடன் முறையான உறவு கொள்ளவில்லை. பாதிரிமார் அருகிப்போன அக்காலத்தில், ஜெபங்களை மனப்பாடமாக அறிந்த சாமானிய கிராமவாசிகளே ‘பே சவான்’ என்னும் பெயருடன் சடங்குகளை ஏற்று நடத்தினர்; ஒன்பது நாள் பிரார்த்தனை செய்து, கடைசி ஜெபத்துடன் இறந்தவரை அனுப்பிவைக்கும் சம்பிரதாயம் அவர்கள் நாவிலேயே நிலைபெற்றது. எவரும் வந்து தங்களுக்காகப் பேசாத காலத்தில், அந்த ஜனங்கள் தங்கள் இறந்தோருக்காகத் தாங்களே பேசக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த மரபின் மகிமையை நம் காலத்தில் உலகறியச் செய்தது ழான் டொமினிக்கின் மரணம். வேளாண்மை நிபுணராக உழவர்களிடையே பணியாற்றி, அதன் காரணமாகச் சிறைவாசமும் அனுபவித்த அவர், அரசாங்கமும் பள்ளிக்கூடமும் பிரெஞ்சு மொழியையே போற்றிவந்த காலத்தில், தம் ஹைட்டி வானொலியில் பாமர மக்களின் கிரியோல் மொழியில் தேச விவகாரங்களை விவாதித்து, நாடு முழுவதையும் ஒரே முற்றத்தில் உட்காரவைத்தார். 1980இல் சர்வாதிகாரம் அவரை நாட்டை விட்டுத் துரத்தியது. 1986இல் அவர் திரும்பியபோது மக்கள் பெருவெள்ளமாகத் திரண்டு வரவேற்றனர். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி காலையில், அதே வானொலி நிலையத்தின் முற்றத்தில் அவரைச் சுட்டுக் கொன்றனர். நிலைய ஊழியர் ஒருவரும் உடன் மாண்டார்.

கூடலாகாது என்று தடுக்கப்பட்டு, இருளில் வயல்களில் புதைக்கப்பட்டவர்களின் சந்ததியார், அந்த ஏப்ரல் மாதத்தில் தலைநகரின் விளையாட்டரங்கில் பட்டப்பகலில் ஆயிரமாயிரமாகக் கூடி அவருக்கு விடைகொடுத்தனர். அவருடைய அஸ்தி, நெல் விளையும் பள்ளத்தாக்கினூடே பாயும் ஆர்ட்டிபோனிட் நதியில், அவர் நேசித்த உழவர்களின் நடுவே கரைக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து, மே 3ஆம் தேதி, மௌனமாயிருந்த வானொலி மீண்டும் பேசத் தொடங்கியபோது, அவர் மனைவி மிஷேல் மோன்தாஸ் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, முதலில் தம் கணவருக்கே காலை வணக்கம் கூறினார். வாசலில் நின்று ‘ஒனே’ என்றழைத்த அந்தக் குரலுக்கு, வானொலிப் பெட்டிகளின் அருகே அமர்ந்திருந்த ஒரு தேசமே ‘ரெஸ்பே’ என்று பதிலளிக்கக் கடமைப்பட்டிருந்தது.