கடல் கடந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும்



பிள்ளைகளின் எதிர்காலத்திற்காக நாட்டை விட்டுப் போகலாமா என்னும் பேச்சு அண்மைக் காலமாகப் பெற்றோர் பலரிடமிருந்து என் காதில் விழுகிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றோர் அங்கேயே தங்கிவிட விரும்புகின்றனர். வசதி படைத்த சிலர் ஆஸ்திரேலியாவை எண்ணிப் பார்க்கின்றனர். போவோரைத் தடுப்பது என் நோக்கமன்று. ஆனால், நாம் வாழும் இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரமே ஒருமுறை நாடு விட்டு நாடு வந்த மக்களால் ஆனது. அவர்தம் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

நம் முன்னோர் பிள்ளைகளின் படிப்புக்காகக் கப்பல் ஏறியவர்கள் அல்லர். இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பஞ்சமும் கடனும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் அவர்களைத் துரத்தின. கங்காணி ஊருக்கு வந்து ஆள் திரட்டினார். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடிவரவு நிதி கப்பல் செலவை ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் சிலாங்கூர் ஆற்றங்கரைக் காடுகளை அழித்து ரப்பர் நட்டனர். முதலில் வந்தோரில் பெரும்பாலோர் ஆண்கள். மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பவேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. பெண்களும் குழந்தைகளும் கணிசமாக வரத் தொடங்கியது பிற்பாடுதான். 1920களில் லயங்களில் பிள்ளைகளின் குரல் நிறைந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917இல் நம் வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில் அவர் நட்ட செம்பனைதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பின்னர் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. அதே 1930இல், உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி, தோட்டத்து ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும் பெண்களின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை இருந்தால் லயத்தில் வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. பிள்ளைகளுக்கும் அதே விதிதான்.

பள்ளிக்கூடம் இல்லாமலா இருந்தது என்று கேட்கலாம். இருந்தது. 1912 தொடங்கித் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளியைப் பற்றிப் பேசியது. 1923இன் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டத்தின்படி பள்ளிகள் தோன்றின. எப்படிப்பட்ட பள்ளிகள்? ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்த தோட்டங்கள் பல. படிப்பு பெரும்பாலும் நான்காம் வகுப்போடு நின்றது. பால்மரம் வெட்டத் தாய் விடியுமுன்னே புறப்படுவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். அடுத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பிள்ளை வீட்டில் நிற்பாள். பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆனால் புல் பிடுங்கும் கூட்டத்தில் பெயர் ஏறிவிடும். அவன் கொண்டுவரும் சில காசுகள் இல்லாமல் அக்குடும்பத்தின் கணக்கு நேராகாது. ஆகவே பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளை படித்தால் தோட்டத்துக்கு ஓர் ஆள் குறையும் என்று கணக்குப் பார்த்த நிர்வாகங்களைத்தான் குறைசொல்ல வேண்டும்.

ஆக, முதல் தலைமுறைக்குப் புலம்பெயர்வு என்ன தந்தது? ஊரில் பண்ணையாளாய்க் கிடந்தவருக்குக் காசாகக் கூலி தந்தது. இது சிறிய மாற்றமன்று. ஆனால் அவர் பிள்ளைக்கு வேறு வாழ்க்கையைத் தரவில்லை. தகப்பன் வெட்டிய மரத்தையே மகனும் வெட்டினான்.

1938 சூன் மாதம் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. புதிய ஆள் வரத்து நின்றது. அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில் தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர்களின் பிள்ளைகள் தாயோடும், தாயுமின்றியும் வளர்ந்தனர்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் 1951இன் பார்ன்ஸ் அறிக்கையையும் 1956இன் ரசாக் அறிக்கையையும் தேர்வுக்காக மனனம் செய்தோம். முன்னது தமிழ்ப்பள்ளிக்கு இடமில்லை என்றது. பின்னது இடம் தந்தது. இவ்வளவே விடைத்தாளுக்குப் போதும். ஆனால், தோட்டத்துப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் வந்தது. தமிழ்வழிக் கல்வியோ ஆறாம் ஆண்டோடு முடிந்தது. 1964 வரை நடைபெற்ற நுழைவுத் தேர்வில் தவறியவனுக்கு அதோடு பள்ளி முடிந்தது. 1965இல் அத்தேர்வு நீக்கப்பட்டுப் புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப் பள்ளிக்குக் கதவு திறந்தது. அக்கதவோ பட்டணத்தில் இருந்தது. உட்புறத் தோட்டத்திலிருந்து செம்மண் சாலையில் நடந்து பேருந்து பிடிக்கவேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். புதிய மொழியில் பாடம் கேட்கவேண்டும். அந்தப் பத்து மைலைத் தாண்ட நம்மவர்க்குக் கடலைத் தாண்டியதைவிட அதிகக் காலம் பிடித்தது என்பது என் கருத்து.

அதே ஆண்டுகளில் தமிழகத்தில் என்ன நடந்தது? காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன; 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊரிலேயே தங்கிவிட்ட பங்காளியின் மகன் தாய்மொழியிலேயே பதினோராம் வகுப்பு வரை செல்ல வழி இருந்தது. வறுமையும் சாதியும் அங்கே ஒழிந்துவிடவில்லை. எல்லாரும் படித்துவிடவும் இல்லை. ஆயினும் 1920இல் கப்பலேறியவர் பெற்றிருந்த முன்னிலை 1960இல் தேய்ந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். இதை இங்குச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது.

இன்னும் கசப்பான பகுதி குடியுரிமை. 1957 விடுதலைக்குப் பின் இங்குப் பிறந்த குழந்தைகளுக்குக் குடியுரிமை கிடைத்தது. முன்னே வந்தவர்கள் விண்ணப்பித்துப் பெறவேண்டும். தோட்டத்தில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை; சொன்னவரிடம் பாரம் நிரப்பிக் கொடுக்க நேரமில்லை; ‘நாம் ஊருக்குத்தானே போகப்போகிறோம்’ என்ற எண்ணமும் பலரை விடவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் தோட்டங்கள் கலங்கின. சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குப் புறப்பட்டனர். அவர்களோடு சென்ற பிள்ளைகள் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ‘ஊர்’ என்பதைப் பாட்டி வாயால் மட்டுமே கேட்டிருந்தவர்கள். தங்கள் விருப்பத்தைக் கேட்காமலே இரண்டாம் முறை புலம்பெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள். தகப்பன் கையில் ஒரு தாள் இல்லாமற் போனதுதான் காரணம்.

நிலைமை மாறத் தொடங்கியது தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகே. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்தது. கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் எனத் தொழிற்சாலைகள் அழைத்தன. வெளியேறியோரில் புறம்போக்குக் குடிசைகளில் சிக்கிச் சீரழிந்தவர்களும் உண்டு; பிள்ளைகளை ஆசிரியராக, தாதியராக, பொறியியலாளராக ஆக்கியவர்களும் உண்டு. தோட்டத்திலேயே தங்கியவர்களுக்கு வீடு கடைசிவரை சொந்தமாகவில்லை. நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வேலை போன பின்னர் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடவேண்டியிருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. 1999இல் நிறுவப்பட்ட மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் அங்கேயே அமைந்துள்ளது. அதே ஊரின் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்கு ஹோப்ஃபுல் தோட்டத்துப் பெயர்தான் இன்னும். நம்பிக்கை உடையது என்று பொருள். எந்தத் துரை வைத்தாரோ!

எனவே, வெளிநாடு போக எண்ணும் பெற்றோர் என்னிடம் கருத்துக் கேட்டால் அந்நாட்டுச் சம்பளத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. பிள்ளைக்கு அங்கே என்ன ஆவணம் கிடைக்கும், உங்கள் வேலை போனால் குடும்பம் எந்த வீட்டில் இருக்கும், பிள்ளை எந்த வகுப்பில் எந்த மொழியில் சேரும் என்றே கேட்கிறேன். பலர் முதலாவதற்கே விடை தேடிக்கொண்டு வரவில்லை.

இன்று நம் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். அவர்களின் வேலை அனுமதி, குடும்பத்தை உடன் அழைத்துவர இடந்தருவதில்லை. ஆகவே, பழைய லயங்களில் பிள்ளைகளின் குரல் இல்லை. மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் சிறு பட்டணத்துப் பணம் அனுப்பும் கடைகளில் அவர்கள் வரிசையில் நிற்கின்றனர். அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு, அங்கே ஊரில் படிக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு.