மாஜிஸ்டிரேட்டும் மருத்துவரும்



நீதிமன்றக் கூண்டில் ஒருவன் நிற்கிறான். அவன்மேல் சாட்டப்பெற்ற குற்றம் சிறிதோ பெரிதோ, அது இங்கே முதன்மையன்று. மாஜிஸ்டிரேட்டு அவன் பெயரைக் கேட்கிறார். அவன் வேறு எதையோ கூறுகிறான். குற்றப் பத்திரிகை படிக்கப்படுகிறது. அது தன்னைப் பற்றியது என்னும் உணர்வே அவன் முகத்தில் இல்லை. இவனைச் சிறைக்கு அனுப்புவதா, மருத்துவமனைக்கு அனுப்புவதா? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் விடை கூறத் தொடங்கி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவ்விடை காவிரியின் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலும், எதிரே ஆற்றிடைத் தீவாய் விளங்கும் ஸ்ரீரங்கத்திலும் எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதை இன்று காண்போம்.

பிணியாளர்க்கு இடமளித்தல் ஸ்ரீரங்கத்துக்குப் புதிதன்று. அரங்கன் திருக்கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசளர் ஆட்சியில் ஏற்பட்ட அச்சாலை, பின்னர்ப் படையெடுப்பினால் சிதைவுற்றது. அதனைக் கருடவாகன பட்டர் மரபில் வந்த ஒருவர் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமானையும் எழுந்தருளச் செய்தார் என 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டால் அறிகிறோம். தன்வந்திரி சந்நிதி இன்றும் உள்ளது.

மனத்தின் பிணிக்கு மக்கள் நாடிய இடம் வேறு. திருச்சிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் குணசீலம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்கு மனந் தடுமாறியோரை அழைத்து வந்து, 48 நாள் தங்கவைத்து, உச்சிப் பூசையிலும் இரவுப் பூசையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கச் செய்வது நெடுநாளைய வழக்கம். இதனை இகழ்ந்து பேசுவது எளிது. மருத்துவர் ஒருவரும் இல்லாத காலத்தில், நோயுற்ற மகனோடு ஒரு தாய் ஒரு மண்டல காலம் அச்சமின்றித் தங்கியிருக்க அவ்வூர் இடங்கொடுத்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆனால் அங்கு வந்தவர் அழைத்துவர உறவினர் உடையவர். உறவினர் கைவிட்டவனுக்கும், தன்னையறியாமல் குற்றம் இழைத்துவிட்டவனுக்கும் அங்கே இடமில்லை. அவ்விருவரும் அரசின் கைக்கே வந்து சேர்ந்தனர்.

கும்பெனியார் ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கு ஏற்பட்ட நான்கு பிராந்திய நீதிமன்றங்களுள் தெற்குப் பிராந்தியத்துக்குரியது திருச்சிராப்பள்ளியில் இருந்தது. ஆகவே நீதி நிருவாகம் இந்நகருக்குப் பழையது. மருத்துவமும் நீதியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டது 1858-இல். அவ்வாண்டு சித்த சுவாதீனமற்றோரைப் பற்றி 34, 35, 36 என்னும் எண்களோடு மூன்று சட்டங்கள் பிறந்தன. முதலிரண்டும் பெரும்பாலும் அவர்தம் சொத்தைக் காப்பது பற்றியவை. மூன்றாவதுதான் ஆளைப் பற்றியது: மருத்துவர் சான்றளிக்க, மாஜிஸ்டிரேட்டு கட்டளையிட, நோயாளியைக் காப்பகத்தில் சேர்க்கலாம் என்றது. சொத்துக்கு இரண்டு சட்டம், ஆளுக்கு ஒன்று! அச்சட்டத்தின் பின் நாடெங்கும் எழுந்த காப்பகங்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளியிலும் ஏற்பட்டது.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறியவொண்ணாத அளவு சித்தம் கலங்கியவன் செய்த செயல் குற்றமாகாது என்று விதித்தது. இங்கிலாந்தில் 1843-இல் பிரதம மந்திரி பீலைக் கொல்லக் கருதி அவருடைய காரியதரிசியைச் சுட்டுக் கொன்ற ஒருவனின் வழக்கிலே பிறந்த விதி அது. 1865-இல் திருச்சி மத்தியச் சிறைச்சாலை தோன்றியது. அச்சிறை என்றதும் நம் நினைவில் எழுவோர் விடுதலைப் போராட்ட வீரர்கள். அவர்களோடு, தாம் ஏன் அங்கிருக்கிறோம் என்பதை அறியாதாரும் அத்தகைய சிறைகளில் இருந்தனர் என்பதை நாம் நினைப்பதில்லை.

ஒரே ஊரில் நீதிமன்றம், சிறை, காப்பகம் மூன்றும் அமைந்த அந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. சென்னையில் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் 145 நோயாளிகளோடு திறக்கப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாணம் முழுமைக்கும் சென்னை, வால்டேர், கோழிக்கோடு ஆகிய மூன்றிடங்களிலேயே இத்தகைய மனைகள் இருந்தன. திருச்சிக் காப்பகம் மறைந்து போயிற்று. பிறகு 1953-இல் வால்டேர் ஆந்திரத்தோடும், 1956-இல் கோழிக்கோடு கேரளத்தோடும் போயின. தமிழகத்துக்கு அரசு மனநோய் மருத்துவமனை என்று எஞ்சியது கீழ்ப்பாக்கம் ஒன்றே. அப்பெயரை நம் மக்கள் ஏளனச் சொல்லாக்கினர். 'உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்' என்று திருச்சித் தெருவில் ஒருவர் மற்றொருவரைக் கடிந்துகொள்ளும்போது, அவரை அறியாமலே ஒரு சரித்திர உண்மையைச் சொல்லிவிடுகிறார்: அனுப்புவதற்கு வேறிடம் இல்லை.

இத்தொலைவு சட்டத்தின் நடையை எவ்வாறு மாற்றிற்று என்பதே நாம் கருத்தூன்றிக் காணவேண்டுவது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, எதிரி தன் வழக்கைத் தானே நடத்த இயலாத மனநிலையில் இருப்பதாகத் தோன்றினால், மாஜிஸ்டிரேட்டு மாவட்டத்துச் சிவில் சர்ஜனைக் கொண்டு அவனைச் சோதிப்பிக்க வேண்டும். இயலாமை மெய்யானால் விசாரணை நிற்கும். ஆளோ காவலில் இருப்பான். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் அலைவோரைப் பற்றியும் விதி வகுத்தது. போலீசார் அத்தகையவரைப் பிடித்து மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்தலாம். மருத்துவர் கண்டு தெளிவதற்காக ஒரு தடவைக்குப் பத்து நாளுக்கு மேற்படாமலும், மொத்தம் முப்பது நாளுக்கு மேற்படாமலும் 'தகுந்த காவலில்' வைக்கலாம். தகுந்த காவல் எது? காப்பகம் சென்னையில் இருக்கிறது. சுமார் 320 கிலோமீட்டர். சிறை உள்ளூரில் இருக்கிறது. காப்பகம் இல்லாத ஊரில் 'தகுந்த' என்னும் சொல்லுக்குப் பொருள் எளிதில் சிறை என்றாகிவிடும்.

போகும் வழியைவிடத் திரும்பும் வழி நீண்டது. நோய் தணிந்ததென்று மருத்துவர் சான்று எழுதவேண்டும். அது நீதிமன்றத்தை அடையவேண்டும். நின்ற வழக்கு மீண்டும் தொடங்கவேண்டும். ஒரு கடிதம் தவறினால், ஒரு மனிதன் தவறிப்போவான். சித்தக் கலக்கத்தால் குற்றவாளியல்லன் என்று விடுவிக்கப்பட்டவன் நிலை இன்னும் விபரீதமானது. தண்டனை பெற்றவனுக்கு விடுதலை நாள் உண்டு; இவனுக்கோ அரசாங்கம் உத்தரவிடும் வரையில் காவல். நிரபராதி என்னும் தீர்ப்பே எல்லையற்ற காவலுக்கு வாயிலாயிற்று.

இது வெறும் அச்சமன்று. பீகாரில் ஹசாரிபாக் மத்தியச் சிறையில், மனந் தெளிந்த பின்னும் இருபது முப்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தோரை 1982-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அஸ்ஸாமில் 1951-இல் கைதான ஒருவர் தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்; 1967-இல் தெளிந்துவிட்டார் என்று மருத்துவர்கள் தெரிவித்தனர். வீட்டுக்கு அனுப்பாமல் அவரைக் குவாஹாட்டிச் சிறைக்கு மாற்றினர். 2005-இல், ஒரு ரூபாய் ஜாமீனில், அவர் வெளியே வந்தார். ஐம்பத்துநான்கு ஆண்டுகள், விசாரணை ஒரு நாளும் முடியவில்லை. இவை பீகாரிலும் அஸ்ஸாமிலும் நேர்ந்தவைதாம். ஆயினும் அவற்றுக்கு இடந்தந்த சட்டம் அதே எழுத்தில் நம் ஊரிலும் நடப்பிலிருந்தது. குற்றமே சாட்டப்படாத மனநோயாளரைச் சிறையில் வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் திட்டமாக உரைத்தது 1993-இல்தான்.

இனித் திருச்சிக்கு வருவோம். மனநல மருத்துவத்தைப் பெருநகர மதில்களுக்கு வெளியே கொண்டுவரும் தேசியத் திட்டம் 1982-இல் வகுக்கப்பெற்றது. கர்நாடகத்துப் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூர் மனநல நிறுவனத்தார் அதனைச் சோதித்துப் பார்த்தனர். ஆரம்பச் சுகாதார நிலைய வைத்தியரே, பயிற்சி பெற்றால், பெரும்பாலான நோயாளரைக் கவனித்துக்கொள்ளக்கூடும் என்பது அங்குக் கண்ட பாடம். அதன்மேல் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தோன்றியது. ஆந்திரம், அஸ்ஸாம், இராஜஸ்தானம், தமிழ்நாடு ஆகியவற்றில் மாநிலத்துக்கு ஒன்றாக முதலில் நான்கே மாவட்டங்கள் தெரிந்தெடுக்கப்பெற்றன. தமிழ்நாட்டில் அந்த ஒன்று திருச்சிராப்பள்ளி. மலைக்கோட்டையைப் பற்றியும் கல்லணையைப் பற்றியும் பெருமை பேசும் நாம் இதனை ஒரு வரியிலும் குறிப்பதில்லை. அதனையடுத்து இந்நகரில் கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்டது. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை அதனோடு இணைந்தது.

மருத்துவர் அருகே வந்தார். ஆயின் அருகே வந்தவரை நாடும் கடமையை நீதிமன்றத்துக்கும் போலீசுக்கும் யார் விதிப்பது? இடையிலே ஒரு கொடுமை நிகழ்ந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவை அண்டிப் பிழைத்த தனியார் விடுதி ஒன்று தீப்பற்றியது. விலங்கிட்டுப் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் எழுந்தோட இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கைக் கையிலெடுத்தது. உரிமமில்லா விடுதிகள் மூடப்பட்டன. குணசீலத்தில் அதன் பின்னர்க் கோயிலை ஒட்டி, அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் அமைந்தது. தீர்த்தம் பெறுவோருக்கு இன்று மருந்தும் கிட்டுகிறது. பழைய நம்பிக்கையை விரட்டாமல், அதன் வாயிலிலேயே மருத்துவரை அமர்த்திய அச்செயல் நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சட்டப் புத்தகத்தில் நேர்ந்த மாற்றம் சிறியது, ஆனால் ஆழமானது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு 2008-இல் இயற்றிய திருத்தத்தில் 'அண்மையிலுள்ள' என்னும் சொல் புகுந்தது. மனநிலை பற்றி மருத்துவர் கூறியது தனக்கு ஒவ்வாதெனின் எதிரி ஒரு மருத்துவக் குழுவிடம் முறையிடலாம். அக்குழுவில் இருக்கவேண்டியவர், அண்மையிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும், அண்மையிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் ஒருவரும் ஆவர். திருச்சியில் இவ்விரண்டும் ஒரே அமைப்பின் இரு கைகள். 'ஒருவரது கூற்றை மற்றவர் மறுப்பாரா?' என்று ஒரு வழக்கறிஞர் வினவினால் அதனைத் தள்ளிவிட முடியாது. அதனினும் பயனுடையது மற்றொரு பிரிவு. உள்நோயாளியாய் இருக்கத் தேவையில்லாத எதிரியை, அண்மையிலுள்ள மருத்துவ நிலையத்தில் தவறாது சிகிச்சை பெறச் செய்வதாக உறவினரோ நண்பரோ பொறுப்பேற்பின், ஜாமீனில் விடலாம். குற்றம் ஜாமீனுக்குரியதா அன்றா என்பது தடையில்லை. அண்மையில் மருத்துவ நிலையமே இல்லாத ஊரில் இப்பிரிவு வெற்றெழுத்து. புறநோயாளிப் பிரிவு நடக்கும் ஊரில் அது சிறைக்கதவின் திறவுகோல். 2024 ஜூலை முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தைப் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பெற்றுவிட்டது. மனநிலை பற்றிய விதிகள் அதில் 367-ஆம் பிரிவிலிருந்து தொடர்கின்றன.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறை மருத்துவருக்கும் ஒரு கடமை வைத்தது. மனநோயுற்ற கைதி எவரும் சிறையில் இலர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். நோக்கம் நன்று. ஆயின் 'இலர்' என்று எழுதும்படி கேட்கும் ஏட்டில் 'உளர்' என்று எழுத ஒரு தனித் துணிவு வேண்டும். எழுதினால் மாற்றி அனுப்ப மருத்துவமனையில் படுக்கை வேண்டும். அழைத்துச் செல்லக் காவலர் வேண்டும். வழக்கு நாளை மாற்றித்தர நீதிமன்றம் வேண்டும். இவர்கள் அனைவரும் ஓரூரில் இருந்தும், ஒருவர் அலுவலகத்தை மற்றொருவர் மிதியாதிருந்தால், கீழ்ப்பாக்கத்துத் தொலைவு திருச்சிக்குள்ளேயே திரும்ப வந்துவிடும். இவர்களைக் கூட்டிவைக்கத் தக்கவர், என் கருத்தில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவினர். காவலிலுள்ளோர்க்கு இலவச வழக்கறிஞரைத் தருவது அவர்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இட்ட பணி. அவர்தம் வழக்கறிஞர் சிறைக்கும் போகிறார், நீதிமன்றத்துக்கும் போகிறார். புத்தூருக்கும் போவாராயின் வட்டம் நிறையும்.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக்கு நாள்தோறும் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். கூட்டத்தோடு வந்து, கூட்டம் போனபின் தனித்து நிற்பவன் ஒருவன். பெயர் சொல்லத் தெரியவில்லை. பேசுவது தெலுங்கோ இந்தியோ விளங்கவில்லை. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் நடந்த காலமாயின் அவனை மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்தி முப்பது நாள்வரை காவலில் வைத்திருக்கலாம். இன்று அங்குள்ள காவல் நிலையத்தார் அவனை எக்காரணத்தாலும் லாக்கப்பில் அடைக்கலாகாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அண்மையிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அவன் குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் அவர்களுடையதே. அவனைக் குறித்து நிலையத்தில் ஒரு முதல் தகவல் அறிக்கையும் பதிய வேண்டும். அதில் அவன்மேல் குற்றம் எதுவும் எழுதப்படுவதில்லை. காணாமற்போனவர் என்றே எழுதப்படுகிறது.